டின்டின் தப்பினானா?

டின்டினைத் துப்பாக்கி முனையில் நடத்திச் செல்கிறார்கள். அவன் மேல் பிளாஸ்டிக் குழம்பை ஊற்றி, சிலையாக்கி விற்றுவிடத் திட்டம்! அப்புறம்?

அப்புறம் படமே இல்லை.

பெல்ஜியம் நாட்டு ஓவியர் எர்ஜே வரைந்து கொண்டிருந்த 24-வது டின்டின் கதை அது. 1983-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி எர்ஜே காலமானார். வயது 75. கதை பாதியில் நின்றது.

1929-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி, பிரஸ்ஸல்ஸ் நகரப் பத்திரிகை ஒன்றின் சிறுவர் பகுதியில் டின்டின் பிறந்தான். தூக்கி நிற்கும் முன்மயிர். கூடவே ஒரு வெள்ளை நாய். பெயருக்கு அவன் பத்திரிகை நிருபர். ஆனால் செய்தி எழுதியதை விட, எதிரிகளிடம் சிக்கித் தப்பியதே அதிகம்! பாலைவனம் போனான். திபெத் பனிமலை ஏறினான். மனிதன் சந்திரனில் கால் வைத்தது 1969-ல். டின்டினோ 1950-களிலேயே அங்கே போய்த் திரும்பிவிட்டான்!

எத்தனை ஆபத்து வந்தாலும், "அடுத்த பக்கத்தில் தப்பிவிடுவான்" என்று குழந்தைகள் நம்பினார்கள். அந்த அடுத்த பக்கம்தான் இப்போது இல்லை.

எர்ஜேயிடம் கைதேர்ந்த உதவி ஓவியர்கள் இருந்தார்கள். கதையை முடித்திருக்கலாம். ஆனால், தமக்குப் பின் டின்டினை யாரும் வரையக்கூடாது என்பது எர்ஜேயின் விருப்பம். அவர் மனைவியும் அதைக் காப்பாற்றினார். 1986-ல் வெறும் பென்சில் படங்களாகவே அந்தக் கதை புத்தகமாக வந்தது.

மனம் கேட்கத்தான் இல்லை. ஆனாலும் அதுதான் சரி. வேறு கை வரைந்திருந்தால், தப்பி வருகிறவன் வேறு பையனாக அல்லவா இருப்பான்?

போய் வா, டின்டின்!