படையோடு போன தபால்காரர்கள்

போர்முனையில் நிற்கும் சிப்பாய்க்குத் தோட்டா வரும், ரொட்டி வரும். வீட்டுக் கடிதம்? அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் ஒரு படை வேண்டியிருந்தது.

1882-இல் பிரிட்டிஷ் சேனை எகிப்துக்குக் கிளம்பியது. அஞ்சல் துறை ஊழியர்களைக் கொண்ட லண்டன் தொண்டர் படையிலிருந்து ஆள் திரட்டி, ராணுவ அஞ்சல் படை அமைத்தார்கள். சீருடைதான் புதிது, வேலை என்னவோ அதே முத்திரை குத்தும் வேலை!

முதல் உலகப் போரின்போது லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் பிரம்மாண்டமான மரக்கொட்டகை ஒன்று எழுந்தது. உச்சகட்டத்தில் வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதங்கள் அங்கே வந்து குவிந்தன. பிரித்து அடுக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எந்தப் பட்டாளம் எங்கே நகர்ந்திருக்கிறது என்று உடனுக்குடன் தெரிந்தால்தான் மூட்டை சரியான இடத்துக்குப் போகும். லேசான காரியமா அது?

1993-இல் போக்குவரத்து, தளவாடம், சமையல், அஞ்சல் எல்லாம் 'ராயல் லாஜிஸ்டிக் கோர்' என்ற ஒரே குடையின்கீழ் வந்தன. அதன் ரிசர்வ் பிரிவுகளில் ஒன்று, 162-ஆவது ரெஜிமென்ட். மற்ற நாளில் சொந்த வேலை, பயிற்சி நாளில் சீருடை என்று இருப்பவர்கள். ராணுவ அஞ்சலும் படை நகர்வும் இவர்கள் பொறுப்பு. தலைமையகம் நாட்டிங்காம் நகரில் இருக்கிறது.