சில்லறை லாபமா, சிறுவர் நலமா?

"நாம் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான்" என்பது பாடாலூர் நெடுஞ்சாலையோரம் கடை வைத்திருக்கும் நம்மில் சிலரின் வாதம். ஆனால், வளரும் மூளையை நிக்கோடின் எளிதில் அடிமையாக்கும். புகையிலை இல்லை என்று சொல்லப்படும் மின்னணு சிகரெட்டிலும் பெரும்பாலும் அதே நிக்கோடின்தான். அதை விற்றால் 2019 மத்திய சட்டப்படி முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தாலும் குற்றமே. 18 வயது நிரம்பாதவருக்குச் சிகரெட், பீடி விற்பதை 2003 சட்டம் தடுக்கிறது. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

"அப்பாவுக்கு" என்று பையன் கேட்டாலும், "அப்பாவையே வரச் சொல், தம்பி" என்போம். போவது சில ரூபாய் வியாபாரம். அவன் பெரியவனாகி அரிசி, பருப்பு வாங்க நம் கடைக்கே வரட்டும்.