காடி போச்சு, பெயர் போகவில்லை

எங்கள் வீட்டு புரோட்டோன் சாகா கடைசியாக ஓடியது ரெம்பாவ் சந்தைக்கு. திரும்பி வரும்போது பெடாஸ் எல்லையில் நின்றுவிட்டது. தெரிந்தவர் லோரியில் கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டின் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் விட்டார். மூன்று வருடமாக அங்கேதான் கிடந்தது. தோட்டத்தில் பால் மரம் சீவிய காசில் அப்பா வாங்கிய கார். வந்த அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அந்த நான்கு டயரும் காற்றுப் போய் மண்ணில் பதிந்துவிட்டன. டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் மட்டும் சாயம் போனாலும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் பழைய இரும்பு லோரி வந்தது. "கிராண்ட் எல்லாம் தேவையில்லண்ணே, பிளேட்ட கழட்டி வச்சுக்குங்க, மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்" என்றார் அந்தத் தம்பி. கையில் ரொக்கம். அண்ணன் அரை மனதாகத் தலையாட்டிவிட்டான். எதிர்வீட்டு மாமாதான் ஓடி வந்து தடுத்தார். அவர் அதேபோல் ஒரு காரைக் கொடுத்துவிட்டு, எட்டு மாதம் கழித்து வேகச் சம்மன் வாங்கியவர். நசுங்கி இரும்பாகிவிட்டது என்று அவர் நினைத்த கார் யாரோ ஒருவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். காரைக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். சாலைப் போக்குவரத்து இலாகாவின், அதாவது ஜேபிஜேயின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணுக்கு அந்தக் காரின் சொந்தக்காரர் நீங்கள்தான். சம்மன் உங்களுக்குத்தான் வரும். செம்பனைக் குலை திருடப்போனவன் அந்தக் காரில் போயிருந்தால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவை. இன்னொரு வித்தையும் உண்டு. செத்த காரின் சேசிஸ் எண்ணையும் கிராண்ட் என்கிற உரிமைப் பத்திரத்தையும் எடுத்துத் திருட்டுக் காருக்குப் பொருத்தி 'குளோன்' செய்வார்கள். ஓடாத காரின் காகிதத்துக்கு ஏன் விலை கிடைக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

வீட்டிலேயே கிடக்கட்டும் என்று விடுவதிலும் வம்பு இருக்கிறது. எங்கள் சாகாவின் பின்பக்கச் சாமான் பெட்டியைத் திறந்தபோது ஸ்பேர் டயர் குழியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதில் நெளிகிற புழு. ஏடிஸ் கொசு வளரும் இடம் வைத்திருந்தால், 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி 500 வெள்ளி அபராதம் போடலாம். சாலையோரம் நிறுத்தி வழி மறித்தால் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தைக் காட்டி ஊராட்சி மன்றம் இழுத்துப் போகலாம். தோட்ட வீட்டைக் காலி செய்துவிட்டு லயத்துப் பக்கம் காரை விட்டு வந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நிலம் கம்பெனியுடையது, கார் உங்கள் பெயரில். நாளை அங்கே என்ன நடந்தாலும் கேள்வி உங்களுக்கு வரும்.

சரி, முறையாக எப்படி வழியனுப்புவது? காரை அழிக்க அங்கீகாரம் பெற்ற மையங்கள் உள்ளன. ஏஏடிஎஃப் என்பார்கள். எண்ணெய், ஈய பேட்டரி, ஏர்கான் வாயு எல்லாவற்றையும் தனியாக எடுத்துவிட்டுத்தான் உடைப்பார்கள். நம் ஊரில் மண்ணில் ஊற்றிவிடுகிற கறுப்பு எண்ணெய், சட்டத்தில் அபாயக் கழிவு. மையத்தில் கொடுத்ததும் காருக்கு அழிப்புச் சான்றிதழ் கிடைக்க வேண்டும், ஜேபிஜேயில் பதிவும் ரத்தாக வேண்டும். இரண்டின் நகலும் கைக்கு வராமல் விடாதீர்கள். இரும்புக் கடைக்காரர் ஐம்பது, நூறு கூடக் கொடுக்கலாம். அந்தக் காசு இந்தத் தாளுக்கு ஈடாகாது.

போவதற்கு முன் அசல் கிராண்டையும் அடையாள அட்டையையும் எடுத்து வையுங்கள். கிராண்ட் தொலைந்திருந்தால் முதலில் போலீஸ் புகார். வங்கிக் கடன் எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் வங்கியின் உரிமைக் குறிப்பு நீக்கப்படாமலே இருக்கலாம், அதையும் கேளுங்கள். பழைய சம்மன்களை மைபாயார் பிடிஆர்எம், மைஜேபிஜே செயலிகள் இரண்டிலும் பார்க்கலாம். அப்பாவின் நம்பரை விட மனமில்லை என்றால், பதிவை ரத்து செய்வதற்கு முன்பே, எண்ணை வேறு வாகனத்துக்கு மாற்ற முடியுமா என்று ஜேபிஜேயில் விசாரியுங்கள். இன்சூரன்சில் நீங்கள் சேர்த்த என்சிடி தள்ளுபடி, 55 விழுக்காடு வரை, காருக்கு உரியதல்ல. உங்களுக்கு உரியது. அடுத்த காருக்குக் கேட்டு வாங்குங்கள்.

எங்களுக்குச் சிக்கல் வேறு. கிராண்ட் அப்பா பெயரில், அப்பா இல்லை. தோட்டத்து வீடுகளில் இது சர்வ சாதாரணம். இறந்தவர் பெயரிலுள்ள வாகனத்தை மகன் என்பதற்காகக் கையெழுத்திட்டு விற்க முடியாது. உயில் இல்லாமல், நிலம் இல்லாமல், 6 லட்சம் வெள்ளிக்கு மேற்படாத அசையும் சொத்து என்றால் அரசு அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவில் மனுச் செய்யலாம். மரணப் பத்திரம், வாரிசுகளின் அடையாள அட்டைகள், கிராண்ட் எல்லாம் கேட்பார்கள். அலைச்சல்தான், மறுக்கவில்லை.

ஏற்கெனவே காகிதமில்லாமல் கொடுத்துவிட்டவர்கள் தலையில் கை வைத்து உட்கார வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி கை மாறிய விவரத்தை 7 நாளுக்குள் ஜேபிஜேக்குச் சொல்லியிருக்க வேண்டும். தாமதமானாலும் போய்ச் சொல்லுங்கள். எந்தத் தேதியில், யாரிடம், எவ்வளவுக்குக் கொடுத்தீர்கள் என்று போலீஸ் புகார் எழுதுங்கள். வாட்சாப் செய்தி, லோரியின் நம்பர், பணம் வந்த வங்கிக் கணக்கு எதையும் அழிக்காதீர்கள். பணத் தகராறு 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு உரிமை வழக்குப் பிரிவில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி இலாகாவை நாடலாம்.

பழைய கார் வைத்திருப்பது குற்றம் என்று காப்பிக்கடையில் ஒரு புரளி அடிக்கடி கிளம்புகிறது. 2009இல் 15 வயதைத் தாண்டிய கார்களுக்குக் கட்டாயச் சோதனை என்று அரசாங்கம் அறிவித்தது. மக்கள் எதிர்த்ததும் கைவிட்டது. அழிக்கச் சொல்லிக் கட்டாயம் இல்லை. 2026 வரவு செலவுத் திட்டத்தில், 20 வயதைத் தாண்டிய காரை அழித்துப் புதிய புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்குகிறவர்களுக்கு 4,000 வெள்ளி வரை உதவி அறிவித்தார்கள். ஒதுக்கீடு அளவானது. முன்பணம் கட்டுவதற்கு முன் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் சாகா போன மாதம் முறைப்படி போனது. ஆணியால் நெம்பிப் பிள்ளையாரை எடுத்துக்கொண்டோம். அம்மா சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இன்று இரவே மைஜேபிஜே செயலியைத் திறந்து, உங்கள் பெயரில் எத்தனை வாகனம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாசலில் நிற்பதைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் நாளைக் காலையே ஜேபிஜேக்குக் கிளம்புங்கள்.