இரைப்பை அழற்சியும் கலங்களின் பெருக்கமும்



வயிற்றெரிவு, உண்டபின் மேல்வயிற்றிற் பாரம், ஏப்பம், குமட்டல் ஆகியவற்றை அறியாத இல்லம் அரிது. காரமும் கவலையும் நேரந்தவறி உண்பதுமே இவற்றிற்குக் காரணம் என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். மருத்துவர் பலரும் அவ்வாறே கருதினர். அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்த நுண்ணுயிரும் நிலைத்து வாழாது என்பது அக்காலக் கொள்கை. அக்கொள்கை சரிந்த வரலாற்றையும், நோயுற்ற இரைப்பையிலே கலங்கள் எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன என்பதைக் கண்டறியும் முறையையும் இன்று நோக்குவோம்.

1979ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே, றொபின் வாரன் என்னும் நோயியல் வல்லுநர், அழற்சியுற்ற இரைப்பையிலிருந்து எடுத்த இழையத்தில் வளைந்த வடிவுடைய பற்றீரியாக்களைக் கண்டார். 1981இல் பரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவருடன் இணைந்தார். அக்கிருமிகளை ஆய்வுகூடத்தில் வளர்க்க முயன்றபோது முதலிற் பயன் கிட்டவில்லை. இரண்டு நாட்களில் ஒன்றுந் தோன்றாவிடின் வளர்ப்புத் தட்டுகளை அகற்றிவிடுவதே வழக்கமாயிருந்தது. 1982இல் உயிர்த்த ஞாயிறு விடுமுறையின்போது சில தட்டுகள் கூடுதலான நாட்கள் அப்படியே விடப்பட்டன. அவற்றிலே கிருமிகள் வளர்ந்திருந்தன! 1984இல் மார்ஷல் அக்கிருமி நீரைத் தாமே அருந்தினார். சில நாட்களில் நோயுற்றார்; அவரது இரைப்பையில் அழற்சி உண்டானமை இழையப் பரிசோதனையில் உறுதியாயிற்று. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஹெலிக்கோபக்ரர் பைலோரி எனப்படும் இக்கிருமி, யூரியேசு என்னும் நொதியத்தால் யூரியாவிலிருந்து அமோனியாவை உண்டாக்கித் தன்னைச் சூழ்ந்த அமிலத்தை நடுநிலையாக்கிக் கொள்கின்றது. பின்னர்ச் சளிப்படையினுட் புகுந்து, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்குகின்றது. அதனை எதிர்க்கத் திரளும் வெண்கலங்களாலேயே நாட்பட்ட அழற்சி உண்டாகின்றது.

இனி இரைப்பையின் உட்சுவரைச் சற்று உற்று நோக்குவோம். அங்கே எண்ணற்ற நுண்ணிய சுரப்பிகள் உள. ஒவ்வொரு சுரப்பியின் கழுத்துப் பகுதியும் ஒரு நாற்றுமேடை போன்றது. புதிய கலங்கள் அங்கேதான் பிறக்கின்றன. அவற்றுட் சில மேலேறி மேற்பரப்பை மூடிச் சளியைச் சுரக்கின்றன. சில நாட்களில் உதிர்ந்தும் விடுகின்றன. வேறு சில கீழிறங்கி அமிலத்தையும் செரிமான நொதியத்தையும் சுரக்கின்றன. உதிர்வதும் பிறப்பதும் சமமாயிருக்கும்வரை இரைப்பை நலமாயிருக்கும்.

கிருமியின் நச்சும் வெண்கலங்கள் வெளியிடும் வேதிப்பொருள்களும் மேற்பரப்புக் கலங்களை அழிக்கும்போது, அவ்விழப்பை ஈடுசெய்ய நாற்றுமேடை விரைந்து உழைக்கின்றது. தன் எல்லையையும் விரித்துக்கொள்கின்றது. இந்த விரைவை அளப்பது எங்ஙனம்? பிளவுறும் கலங்களை மாத்திரம் எண்ணினாற் போதாது. பிளவு சிறிது நேரமே நிகழ்வதாகலின், அதற்கு ஆயத்தமாகும் கலங்கள் கணக்கிற் சேரா.

1983இல் ஜேர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் இதற்கொரு வழியை வெளியிட்டனர். பெருக்கத்தில் ஈடுபட்ட கலங்களின் கருவில் மாத்திரம் காணப்படும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை அவர்கள் உருவாக்கினர். நகரின் பெயரோடு, அது கிடைத்த வளர்ப்புக் குழியின் எண்ணையும் சேர்த்துக் கீ-67 என்று பெயரிட்டனர். இழையத் துணுக்கை மிக மெல்லியதாகச் சீவி, இப்பிறபொருளெதிரியை இட்டு நிறமூட்டினால், பெருகும் கலங்களின் கருக்கள் கபில நிறமாகவும், ஓய்ந்திருப்பன நீல நிறமாகவும் தோன்றும். நூறு கலங்களில் எத்தனை கபில நிறமுடையன என்று கணிப்பதே பெருக்கச் சுட்டெண்.

பி.சி.என்.ஏ. எனப்படும் இன்னொரு புரதமும் இவ்வாறு பயன்படுகின்றது. ஆயின் பழுதுற்ற டி.என்.ஏ.யைச் சீர்செய்யும்போதும் அது தோன்றுவதால், பெருகாத கலமும் பெருகுவதாக எண்ணப்படக்கூடும். மேலும், அழற்சியின்பொருட்டுத் திரண்ட வெண்கலங்களும் பெருகக்கூடியன. அவற்றை விலக்கிச் சுரப்பிக் கலங்களை மட்டும் எண்ணுவதே ஆய்வாளரின் கடமை.

இக்கணிப்புக் கூறுவது யாது? கிருமித் தொற்றுள்ள இரைப்பையில் இச்சுட்டெண் பொதுவாக உயர்ந்திருக்கும். கபிலக் கருக்கள் கழுத்துப் பகுதியைக் கடந்து மேற்பரப்பை நோக்கியும் பரவியிருக்கும். இதனைப் புற்றுநோய் என்று அஞ்சுதல் தவறு; காயம் ஆறும்போதும் கலங்கள் பெருகவே செய்யும். ஆனால் ஆறாத காயத்தில் ஓயாத பெருக்கம் நிகழ்வது நன்றன்று. கலம் ஒவ்வொரு முறை பெருகும்போதும் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகின்றது. அழற்சியால் அது பழுதுற்றிருக்கையில் அவசரமாகப் படியெடுப்பின், பிழைகள் நிலைத்துவிடும். சுரப்பிகள் நலிதல், அவற்றினிடத்தே குடலின் கலங்களையொத்த கலங்கள் தோன்றுதல், கலங்கள் ஒழுங்கு குலைதல், ஈற்றிற் புற்றுநோய் என்னும் படிமுறையைக் கொலம்பிய நாட்டிற் பிறந்த பெலாயோ கொறெயா என்னும் அறிஞர் விளக்கினார். இப்பயணம் பல பத்தாண்டுகள் நீள்வது. தொற்றுடையோரிற் பெரும்பாலானோர் அதன் இறுதிப்படியை அடைவதேயில்லை. எனினும் 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மனிதரிற் புற்றுநோய் விளைவிப்பனவற்றின் முதல் வகுப்பில் இக்கிருமியைச் சேர்த்தது.

நம்பிக்கையூட்டும் செய்தியும் உண்டு. கிருமியை ஒழித்தபின் அழற்சி தணிகின்றது. பெருக்கச் சுட்டெண்ணும் இறங்குகின்றது. நாற்றுமேடை தன் பழைய எல்லைக்கு மீள்கின்றது. ஆயின் குடற்கலங்களின் சாயல் ஏற்கெனவே வேரூன்றிய இடங்களில் இந்த மீட்சி முழுமையாக அமைவதில்லை. காலந்தாழ்த்தாது சிகிச்சை பெறவேண்டும் என்பதற்கு இதுவே வலிய காரணம்.

கிருமியைக் கண்டறிய எல்லோர்க்கும் கீ-67 சோதனை வேண்டுவதில்லை; அது பெரும்பாலும் ஆராய்ச்சியாளரின் கருவி. மூச்சுச் சோதனையும் மலச் சோதனையும், தேவைப்படின் உட்காட்டிச் சோதனையுமே போதுமானவை. அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு நுண்ணுயிர்கொல்லிகளும் சேர்த்து, வழக்கமாகப் பதினான்கு நாட்கள் கொடுக்கப்படும். எரிவு தணிந்ததென்று இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். சிகிச்சை முடிந்து சில வாரங்களின் பின், கிருமி ஒழிந்ததா என்று மீண்டும் சோதித்தல் வேண்டும். உடல் மெலிதல், மலங் கறுத்தல், இரத்த வாந்தி, விழுங்க இயலாமை ஆகியன தோன்றின் மருத்துவரை உடனே நாடுதல் வேண்டும்.

கடையில் வாங்கிய மாத்திரையால் எரிவை ஆண்டுக்கணக்காக அடக்கி வைப்போர் நம்மிடையே பலர். எரிவு அடங்கலாம், கிருமி உள்ளவரை அந்த நாற்றுமேடைக்கு ஓய்வில்லை. காரணத்தைக் கண்டு களைதலே அதற்கு ஓய்வு அளிக்கும்.