ஓரெழுத்தும் ஓருயிரும்

எழுத்துப்பிழையைச் சிறு குற்றமெனக் கொள்வார் பலர். ஏட்டில் ஓரெழுத்துப் பிறழ்ந்தால் பொருள் மயங்கும். உரைகாரர் தம்முள் முரணுவர். பின்வந்த பதிப்பாசிரியர் பிரதிகளை ஒப்புநோக்கித் திருத்துவர். அம்மட்டோடு அமையும். ஆனால், எழுத்தே ஏவலாகி, அவ்வேவலை இயந்திரம் செய்துமுடிக்கும் காலம் இது. கணினிக்கென எழுதப்படும் கட்டளைத் தொகுதியாகிய மென்பொருளும் ஒரு நூலே. அதிற் புகுந்த பிழை உயிரையும் கொள்ளும்.

தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். பிழை பார்த்தலே என் தொழில். அவ்வுரிமை பற்றி ஒரு வரலாறு சொல்லுகின்றேன்.

தெராக்-25 என்பது கனேடிய அணுசக்தி நிறுவனம் ஆக்கிய புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவி. அது இலத்திரன் கற்றையையும் தரும். எக்ஸ் கதிரையும் தரும். எக்ஸ் கதிருக்கு மிக வலிய கற்றை வேண்டும். அக்கற்றை இடையேயுள்ள உலோக இலக்கில் மோதி, எக்ஸ் கதிராய் மாறிய பின்னரே நோயாளியை அடைதல் வேண்டும். இவற்றுள் எது வேண்டுமென்பதை இயக்குபவர் ஓர் ஆங்கில எழுத்தால் உணர்த்துவார். இலத்திரனுக்கு 'ஈ'; மற்றதற்கு 'எக்ஸ்'.

1986 மார்ச் 21ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில், இயக்குபவர் 'ஈ' என்பதற்கு 'எக்ஸ்' எனப் பதித்துவிட்டார். உடனே கண்டார், திருத்தினார். கைப்பழக்கம் மிக்கவராதலின் விரைந்து திருத்தினார். அவ்விரைவே வினையாயிற்று. கருவி தன் காந்தங்களை ஒழுங்குசெய்ய ஏறத்தாழ 8 விநாடி கொள்ளும். அதற்குள் செய்த திருத்தத்தை மென்பொருளின் ஒரு பகுதி அறிந்தது. மற்றொரு பகுதி அறியவில்லை. திரை 'ஈ' என்றது. இலக்கு விலகி நின்றது. கற்றையோ எக்ஸ் கதிருக்குரிய வலியோடு பாய்ந்தது.

'கோளாறு 54' என்று மாத்திரம் திரை கூறிற்று. அதன் பொருளைக் கைந்நூல் விளக்கவில்லை. அத்தகைய அறிவிப்புகள் அடிக்கடி தோன்றிப் பழகியவை. ஆதலின் இயக்குபவர் தொடர்ந்து இயக்கினார். உள்ளறைக் குரலைக் கேட்பிக்கும் கருவி அன்று பழுதுற்றிருந்தது. நோயாளியின் அலறல் வெளியே எட்டவில்லை. 180 ராட் பெறவேண்டியவர் பல்லாயிரம் ராட் பெற்றார். ஐந்து மாதத்தில் இறந்தார்.

நிறுவனத்தின் பொறியியலாளர் வந்து சோதித்தனர், குற்றம் காணவில்லை. அளவு மிஞ்சுதல் இயலாதென்றனர். கருவி மீண்டும் இயங்கிற்று. ஏப்பிரல் 11ஆம் நாள் அதே அறிவிப்பு, வேறொரு நோயாளி. அவர் மூன்று வாரத்துள் உயிர் துறந்தார். அதன் பின்னர் அவ்வைத்தியசாலைப் பௌதிகவியலாளரும் இயக்குபவரும் விசைப்பலகை முன் அமர்ந்து, மீண்டும் மீண்டும் பதித்துப் பார்த்து, விரைந்த திருத்தமே காரணமென வெளிப்படுத்தினர். 1985 முதல் 1987 வரை இக்கருவியால் நேர்ந்தனவாக அறியப்பட்ட விபத்துகள் ஆறு.

எழுதினவன் பிழைவிட்டான் என்பது இவ்வரலாற்றின் சிறு பகுதியே. இதே பிழை முந்திய தெராக்-20 கருவியிலும் இருந்தது. ஆனால் அங்கே மென்பொருளைச் சாராத தனிக் காவற்பொறிகள் இருந்தன. பிழை நேர்ந்தபோது மின்காப்பிழை எரிந்தது; மனிதர் எரியவில்லை. புதிய கருவியில் மென்பொருளை நம்பி அக்காவலை நீக்கினர். 1983இற் செய்த பாதுகாப்பு ஆராய்ச்சியிலோ, மென்பொருள் தேய்வதில்லை, களைப்பதில்லை என்று கொண்டு, அதன் பிழைகளைக் கணக்கிற் சேர்க்காது விட்டனர். எழுத்துத் தேயாது என்பது மெய்யே. அதிலுள்ள பிழையும் தேயாது என்பதை மறந்தனர்.

ஒரு பிரதியை மாத்திரம் வைத்துப் பதிப்பிப்பவனை யாம் நம்புவதில்லை. மாறுபட்ட பாடம் ஒன்று கிடைப்பின், அது எளியவன் வீட்டு ஏடாயினும், எடுத்துப் பார்த்தல் பதிப்பாசிரியன் கடன். 'என் உடல் எரிந்தது' என்ற நோயாளியின் முறையீடு அத்தகையதொரு பாடபேதம். திரையிற் கண்டதையே மூலபாடமெனக் கொண்டவர் அதனை ஒதுக்கினர்.

இன்று எம் மாணாக்கர் பலர் கணினிக்கு நூல் எழுதக் கற்கின்றனர், மகிழ்ச்சியே. அவர்க்கு யான் சொல்வது இதுவே: பிழையற எழுத முயலுங்கள், பிழை உண்டென ஒருவன் வந்து சொன்னால், அவனை இருத்தி முற்றக் கேளுங்கள்.