உங்களுக்குத் தெரியுமா? 25 வயதானால்தான் அமெரிக்கா போகலாம்!

பிரிட்டனின் பழைய மாடல் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஜீப், அமெரிக்க ஷோரூம்களில் 1993 முதல் 1997 வரைதான் விற்பனைக்கு இருந்தது. ஆனால், அங்கே அதன் மீதான மோகம் இன்னும் தணியவில்லை. பழைய வண்டிகளை இறக்குமதி செய்ய வழிவிட்டது 1988-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். தயாரித்து 25 ஆண்டுகள் கடந்த வெளிநாட்டு வண்டிக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. பழைய டிஃபெண்டரை ஐரோப்பாவில் வாங்கி, புதுப்பித்து விற்பது இன்று தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

இந்த வண்டியின் பாடி பெரும்பாலும் அலுமினியம். ஆனால் சேஸிஸ் இரும்பு; பிரிட்டன் சாலைகளில் குளிர்காலத்தில் தூவும் உப்பு அதை உள்ளிருந்தே அரித்துவிடும். அதனால் நல்ல பட்டறைக்காரர்கள் முதலில் வண்டியை நட்டு நட்டாகக் கழற்றி, துத்தநாகப் பூச்சுள்ள புது சேஸிஸில் ஏற்றுகிறார்கள். செவர்லே வி8 இன்ஜின், ஏசி, தோல் சீட் எல்லாம் அப்புறம்தான். அந்த வரிசைதான் சரி!

மோசடியும் உண்டு. பழைய நம்பரை ஒட்டி, வயதை ஏமாற்றி வந்த ஒரு டிஃபெண்டரை அமெரிக்கச் சுங்கத்துறை 2013-ல் நசுக்கியே அழித்தது. வாங்குபவர்கள் பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், சேஸிஸில் பொறித்த எண்ணை ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.