படகின் பின்புறத்தை நீட்டினால் வேகம் கூடுமா?

ஒன்பதாம் வகுப்பில் ‘பாய்மங்கள்’ பாடம். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை நடத்தி முடித்துவிட்டு, “சந்தேகம் இருந்தா கேளுங்க” என்றேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான். மாதத்தில் ஏழெட்டு நாள் பள்ளிக்கு வராதவன். வந்தாலும் வாய் திறக்காதவன்.

“மிஸ், பாய்மரப் படகுக்குப் பின்னாடி ஒரு மீட்டர் நீட்டினா வேகமாப் போகுமா?”

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில் இருக்கிறது எங்கள் பள்ளி. இங்குள்ள பிள்ளைகளுக்குப் படகு என்றால் பருத்திப்பட்டு ஏரியின் படகுச் சவாரிதான். இவனுக்கு எங்கிருந்து பாய்மரம் வந்தது என்று நான் யோசிக்கவில்லை. “நீளம் கூடினா எடை கூடும், எடை கூடினா வேகம் குறையும். உட்காரு” என்றேன்.

அடுத்த நான்கு நாள்கள் அவன் வரவில்லை. வீட்டுக்குத் தகவல் சொல்லப் போனபோது, அப்பா வேலை செய்யும் ஷெட்டில் இருப்பான் என்றார்கள். தொழிற்பேட்டை ஓரத்தில் ஒரு சின்ன பைபர் ஷெட் அது. வழக்கமாகக் குளியலறைக் கதவும் கூரைத் தகடும் செய்கிறவர்கள். அன்று வாசலில் ஒரு பழைய பைபர் பாய்மரப் படகு மரக்கட்டைகள் மேல் நின்றது. அதன் பின்புறத்தை ஒரு மீட்டர் நீட்டித் தரச் சொல்லி உரிமையாளர் கொண்டுவந்திருந்தார். என் மாணவன் முகத்தில் துணிகூடக் கட்டாமல் ரெசின் மீது ரோலர் உருட்டிக்கொண்டிருந்தான்.

அவன் கேட்டது பாடத்துக்கு வெளியே உள்ள கேள்வி இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நான் சொன்ன பதில் சரிதானா என்ற சந்தேகமும் அங்கேயே வந்தது.

அலைதான் தடை

படகு நகரும்போது தண்ணீரைத் தள்ளுகிறது. முன்முனையில் ஓர் அலை மேடு எழுகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகு தண்ணீரைத் தொடும் நீளமும் சமமாகிவிடும். அப்போது முன்முனை ஒரு மேட்டிலும் பின்முனை அடுத்த மேட்டிலும் இருக்கும். அதற்கு மேல் வேகம் எடுத்தால் அலை படகைவிட நீளமாகிவிடும். பின்முனை பள்ளத்தில் இறங்கும். படகு தன் அலையின் மேலேயே மலையேறுவதுபோல் திணறும். காற்று எவ்வளவு தள்ளினாலும் வேகம் பெரிதாகக் கூடாது.

இந்த உண்மையைச் சிறிய மாதிரிப் படகுகளை இழுத்து அளந்து ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட். 1872இல் டார்க்கி நகரில் நீண்ட தண்ணீர்த் தொட்டி ஒன்றை அமைத்து இந்தச் சோதனைகளைச் செய்தார். இன்றும் கப்பல் வடிவங்களை இப்படித்தான் சோதிக்கிறார்கள். நம் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையிலும் அத்தகைய இழுவைத் தொட்டி உண்டு.

வகுப்பறைக்கு ஏற்ற வடிவில் விதி இது: தண்ணீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 4 மீட்டருக்கு 9 கி.மீ.; 9 மீட்டருக்கு 13.5 கி.மீ.; 16 மீட்டருக்கு 18 கி.மீ. வேகம் இரண்டு மடங்காக வேண்டுமானால் நீளம் நான்கு மடங்காக வேண்டும். வர்க்கமூலம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல விடை இது.

ஷெட்டில் இருந்த படகு தண்ணீரைத் தொடும் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். கணக்குப்படி அதன் வேகம் மணிக்கு 11.9 கி.மீ. 8 மீட்டரானால் 12.7 கி.மீ. சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஆக, என் பதில் தவறு; அவனுடைய ஊகம் சரி.

விதிக்கும் எல்லை உண்டு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். எடை குறைந்த, அடி தட்டையான படகு பலத்த காற்றில் தன் அலையின் மேல் ஏறிச் சறுக்க ஆரம்பித்துவிடும். அப்போது இந்தக் கணக்கு பொருந்தாது. சென்னையின் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவில் அவர் ஓட்டிய லேசர் ரேடியல் வகைப் படகின் நீளம் 4.23 மீட்டர்தான். நல்ல காற்றில் அது சறுக்கிப் பறக்கும். அந்தப் போட்டியில் எல்லாரும் ஒரே அளவுப் படகைத்தான் ஓட்ட வேண்டும். நீட்ட அனுமதி கிடையாது.

ஒட்டுவதில் உள்ள அறிவியல்

கணக்கு எளிது. பழைய பைபரோடு புதிய பைபரைச் சேர்ப்பதுதான் கடினம். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாணவனின் தந்தை.

பைபர் என்பது கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் சேர்ந்தது. ரெசினில் கேட்டலிஸ்டைச் சிறிதளவு கலந்ததும் வேதிவினை தொடங்கி, சூடேறி, இறுகுகிறது. நம் ஊர் வெயிலில் வேகமாகவே இறுகிவிடும். பச்சையாக இருக்கும்போது அடுத்தடுத்துப் போடும் அடுக்குகள் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் சேரும். பல ஆண்டுகளுக்கு முன் இறுகிய பழைய பைபரில் அந்தப் பிணைப்பு கிட்டத்தட்ட முடிந்துபோயிருக்கும். அதன் மேல் புதிய ரெசின் பெரும்பாலும் பிடிமானத்தால்தான் ஒட்டுகிறது.

“மெழுகோ, எண்ணெயோ, ஈரமோ இருந்தா ஒட்டவே ஒட்டாது டீச்சர். கைவெச்சா சொரசொரன்னு இருக்கணும்” என்றார் அவர். பெயிண்ட், ஜெல் கோட் எல்லாம் போய் இழை தெரியும்வரை கிரைண்டரால் தேய்த்திருந்தார். விளிம்பை நேராக வெட்டாமல் சரிவாகச் சீவியிருந்தார். “ஒரு பங்கு கனத்துக்குப் பன்னெண்டு பங்கு சரிவு.”

6 மி.மீ. கனத்துக்கு 72 மி.மீ. சரிவு. நேராக ஒட்டினால் இணைப்பின் அகலம் 6 மி.மீ. மட்டுமே, சரிவாக ஒட்டினால் அது பன்னிரண்டு மடங்கு. அலை அடிக்கும் அதே விசை பன்னிரண்டு மடங்கு பரப்பில் பகிரப்படுகிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்று நாம் கரும்பலகையில் எழுதுவதன் பின்னால் இருக்கும் கருத்துதான் இது.

படகின் வளைவு முறியாமல் தொடர வேண்டும் என்பதற்காக, மெழுகு தடவிய சன்மைக்கா தகட்டைப் பழைய படகின் அடியோடு சேர்த்து வளைத்துக் கட்டி, அதையே மோல்டாக வைத்திருந்தார்கள். பழைய பின்சுவரை வெட்டி எறியவில்லை. அது உள்ளே தண்ணீர் புகாத தடுப்பாக நின்றது. நீட்டிய பகுதி கனமாக இருந்தால் படகு பின்பக்கமாக அமிழும். எடை சிறியதாக இருந்தாலும் மையத்திலிருந்து தூரம் அதிகம் என்பதால் அதன் திருப்புத்திறன் பெரிது. அதனால் அந்தப் பகுதி தாங்கும் மிதப்பு விசை அதன் எடையைவிடக் கூடுதலாக இருக்கும்படி வடிவம் அமைய வேண்டும். சுக்கானின் இடத்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

“7 சதவீதத்துக்கா இவ்ளோ வேலை?” என்று கேட்டேன். தண்ணீரில் விழுந்தவர் ஏறிவரப் படி கிடைக்கும், அலையில் படகு முன்னும் பின்னும் ஆடுவது குறையும் என்று உரிமையாளர் சொன்னாராம்.

வகுப்பில் செய்து பார்த்தோம்

மறுவாரம் வகுப்பில் முதலில் என் தவறான பதிலைச் சொல்லித் திருத்தினேன். பிறகு சோதனை. செங்கல் அடுக்கி, தார்ப்பாய் விரித்து, 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 15 செ.மீ. ஆழத்தில் ஒரு தொட்டி. தெர்மாகோலில் 16 செ.மீ. நீளப் படகுகள். நூல்கண்டு உருளையைக் கப்பியாக்கி, நூல் முனையில் வாஷர்களைத் தொங்கவிட்டு இழுத்தோம். நேரம் அளக்க என் கைபேசி.

படகை 9 செ.மீ. நீட்டி 25 செ.மீ. ஆக்கினார்கள். வர்க்கமூலம் 4லிருந்து 5 ஆகிறது, கணக்கு சுலபம். ஆனால் முதல் மூன்று குழுக்களும் தோற்றன.

முதல் குழுவின் நீட்டிப்பு தண்ணீருக்கு மேலே நின்றது. நேரம் மாறவில்லை. “அது தண்ணியத் தொடவே இல்லையே” என்றான் என் மாணவன். இரண்டாம் குழு களிமண்ணில் நீட்டியது. பின்புறம் அமிழ்ந்து முன்புறம் தூக்கிக்கொண்டது. மூன்றாம் குழு பேக்கிங் டேப் சுற்றிய படகின் மேலேயே ஃபெவிகால் தடவி ஒட்டியது. இரண்டாவது இழுப்பில் கழன்று விழுந்தது.

அதை அவன் வாங்கினான். டேப்பை உரித்தான். இரண்டு முனைகளையும் சரிவாகச் சீவினான். உப்புத்தாளால் தேய்த்து ஒட்டி, மறுநாள்வரை காயவைத்தான். அது நின்றது.

முடிவில் எனக்கும் ஒரு பாடம் இருந்தது. நிறைய வாஷர் போட்டு வேகமாக இழுத்தபோது நீண்ட படகு பெரும்பாலும் முந்தியது. இரண்டு வாஷர் மட்டும் போட்டு மெதுவாக இழுத்தபோது குட்டைப் படகுக்கு இணையாகவோ சற்றுப் பின்னாலோதான் வந்தது. மெதுவான வேகத்தில் அலைத் தடை குறைவு. தண்ணீரோடு உராயும் பரப்பே முக்கியம். நீண்ட படகுக்கு அந்தப் பரப்பு அதிகம். அதாவது மெல்லிய காற்றில் நீட்டிப்பால் லாபம் இல்லை. நேரங்கள் விதியின் எண்களோடு அப்படியே பொருந்தவில்லை. கிடைத்த எண்களையே குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன்.

சோதனை செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெசின், கேட்டலிஸ்ட், கண்ணாடி இழை எதையும் வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டாம். ரெசின் ஆவியும் இழைத் தூசியும் மூச்சுக்குழலுக்கும் தோலுக்கும் கண்ணுக்கும் கெடுதல். தெர்மாகோலும் பசையும் போதும். ஏரி, குளம், கிணறு பக்கமும் போக வேண்டாம்.

அதே காரணத்தைத்தான் தந்தையிடமும் சொன்னேன். “சும்மா கூடமாட இருக்கான் டீச்சர், தொழில் கத்துக்கட்டுமே” என்றார். அவர் தொழிலைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் நான் கற்றது அவ்வளவு. “தொழில் தெரிஞ்ச கையோட கணக்கும் தெரிஞ்சா, இந்தப் படகை அவனே வரைஞ்சு கொடுப்பான். அதுவரைக்கும் அந்தத் தூசி வேண்டாம்” என்றேன். பதில் சொல்லவில்லை. ஆனால் வகுப்புக்கு வந்து சரிவு இணைப்பை விளக்க முடியுமா என்று கேட்டதும் சம்மதித்தார். சலவைச் சட்டையில் வந்து அரைமணி நேரம் பேசினார். மகன் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

அரையாண்டுக்குப் பிறகு அவன் வராத நாள்கள் குறைந்தன; முற்றிலும் நின்றுவிடவில்லை. இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். கடந்த வாரம் வந்து கேட்டான்: “மிஸ், பின்னாடி நீட்டாம முன்னாடி நீட்டினா?”

இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. தார்ப்பாயை எடுத்துவரச் சொன்னேன்.